அம்பு ஸ்டிக்கர்

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்காக பனியன் படங்களைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். கம்பெனியில் பெண்கள் தரையில் உட்கார்ந்து கத்தரியால் நூல் பிசிறு வெட்டுவார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய பிசிறைப் படத்தில் நான் மவுஸால் வெட்டுவேன். நல்லதாக இருக்கும் துணியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கறையின் மேல் முத்திரை குத்துவது போலக் குத்திக்கொண்டே வந்தால் கறை மறைந்துவிடும். துணிக்கு அது சரி. முகத்துக்குச் செய்யும்போதுதான் வம்பு. ஒரு மாப்பிள்ளையின் பருவை மறைக்கப்போய் அவருக்கு மச்சம் இரண்டாகிவிட்டது. அவர் வீட்டில் அதையும் ராசி என்று எடுத்துக்கொண்டார்கள், பிழைத்தேன்.

ஒரு மத்தியானம் அவிநாசிப் பக்கமிருந்து ஓர் அம்மா மகளின் போட்டோவோடு வந்தார். பெண்ணுக்கு இடது கன்னத்திலிருந்து காதுவரை தீத்தழும்பு. சின்ன வயதில் ஸ்டவ் வெடித்ததாம்.

"இதைய மட்டும் எடுத்துக் குடு கண்ணு. மங்கலத்துல ஒரு எடம் வந்திருக்குது."

"நேர்ல வந்தா தெரியாதுங்களா?"

"இருக்கறபடி குடுத்தா போட்டோவையே திருப்பி அனுப்பிடறாங்க. ஒருபக்கமாத் திரும்பி எடுத்ததைக் குடுத்தா, வந்து பாக்கவாச்சும் வர்றாங்க."

"வந்து?"

அவர் போட்டோவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நானே அப்போது வருகிறவர்களுக்கெல்லாம் காபித் தட்டு தூக்கி அலுத்துப் போயிருந்தேன். பெண் பார்க்கும் பேச்சை எடுத்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களே" என்றேன். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பெற்றவள் வேறு என்னதான் செய்வாள்? நாளைக்கு மகள் வந்து கவரை வாங்கிக்கொள்வாள், அப்படியே தரகரிடம் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வலது கன்னத்தின் தோலை எடுத்து இடது கன்னத்தில் ஒட்டி ஒட்டித் தழும்பை மறைத்தேன். வேலை சுத்தமாக வந்தது. ஜவுளிக்கடை பொம்மைக்குப் பொட்டு வைத்தது போல இருந்தது முகம்.

மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அந்தப் பெண் வந்தாள். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. புதுப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க்கா, யாருங்க இந்தப் புள்ள?"

படத்தை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"பழையபடியே ஒண்ணு போட்டுக் குடுங்க்கா. அதான் தரகருகிட்டப் போகோணும்."

"உங்கம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவாங்க."

"அம்மா அடுப்படிக்குள்ள இருந்துக்குவாங்க. காபி கொண்டுபோய் நிக்கறது நானுங்க. ஏறெடுத்துப் பாத்ததும் அவங்க மூஞ்சி மாறும் பாருங்க, அதைப் பாக்கறதும் நாந்தானுங்க. வேண்டாம்னு சொல்றவங்க போட்டோவைப் பாத்துச் சொல்லட்டும். என்ற ஊட்டுக்கு வந்து சொல்ல வேண்டாம்."

பழைய படத்தையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவள் அதோடு விடவில்லை. மணிக்கட்டில் ஒட்டி வைத்திருந்த சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, படத்தில் தழும்பைக் காட்டுகிற மாதிரி ஒட்டினாள். பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால், அடுத்த ஆள் தேடாமல் கண்டுபிடிக்க, செக்கிங்கில் ஒட்டுகிற ஸ்டிக்கர்.

"அடிப்பாவி! உன்னை நீயே டேமேஜ்னு சொல்லுவியா?"

"அவங்க சொல்றதுக்கு முன்னால நானே காட்டிடறேனுங்க. அப்பறம் யாரும் ஏமாத்திட்டாங்கன்னு பேச முடியாதுங்களே."

கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. அந்தக் கன்னத்தை யாராவது ஒழுங்காகப் பார்த்துவிட மாட்டார்களா என்று இருந்தது.

அடுத்த வாரம் அம்மாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். அம்மா கையில் ஒரு ஆளின் போட்டோ.

"மாப்பிள்ளை ஊட்டுல இருந்து வந்திருக்குது கண்ணு. என்னமோ செவப்பா ஒட்டியிருக்குது. உரிச்சா படம் கிழியும் போல. நீ கம்ப்யூட்டர்ல எடுத்துரு."

வாங்கிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் நேராக நிற்கிறார். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் இடுப்புக்கு அருகில், மறைந்திருக்கும் கையைக் காட்டிக்கொண்டு ஒரு சிவப்பு அம்பு.

மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கட்டிங் மாஸ்டருங்க்கா. மெஷின்ல ரெண்டு வெரலு போயிருச்சாம். தரகரு சொன்னாரு."

"அதை ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?" என்று அம்மா திரும்பினார்.

"அவரே சொல்லியிருக்காரேம்மா" என்று அவள் அந்த அம்பைத் தொட்டுக் காட்டினாள்.

அம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும் படத்தை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் ஒன்றும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கல்யாணப் படங்கள் எங்கள் ஸ்டுடியோவுக்கே வந்தன. பிளாஷ் பட்டுச் சிவந்திருந்த கண்களை மட்டும் சரிசெய்தேன். அவள் கேமராவுக்கு நேராக நின்றிருந்தாள். அவர் வலது கை முன்னால் இருந்தது.