போட்டு வாறம் என்று சொல்லி ஏறிய மலை

என் வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் வேல்ஸில் ஒரு அறுபத்தைந்து வயது மனுசி மழைக்குள் மலையேற வேண்டி வந்தது.

தொண்ணூறுகளில் நாங்கள் நியூசிலாந்தில், ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு மங்கரேயில் சரக்குக் கிடங்கில் வேலை. கூட வேலை செய்த வெல்ஷ்காரர் தன் ஊர் மலையைப் பற்றிக் கதைத்துக் கதைத்தே இவருக்கு விசர் ஏற்றிவிட்டார். லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, "அந்த மலையில ஏறாமல் திரும்ப மாட்டன்" என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். வெல்ஷ்காரரின் அக்கா மலையடிவாரத்தில் தனியாகப் பண்ணை வைத்திருந்தார். ஒரு நாள் அங்கே தங்கினோம்.

காலையில் புறப்படும்போது 'போட்டு வாறம்', அதாவது போய்விட்டு வருகிறோம் என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி அந்த அக்காவிடம் சொன்னேன். 'போறம்' என்று சொல்லிவிட்டு ஒரு வாசலை விட்டு இறங்க எனக்கு வாய் வராது. அவரும் தலையாட்டினார். நாங்களோ மறுபக்கம் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் லண்டன் போவதாக இருந்தோம். அதை அவரின் தம்பி சொல்லியிருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

ஏற ஏறச் சேறு. நாள்முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்குகிற என் மனுசன் பாதிவழியில் கல்லில் குந்திவிட்டார். சுற்றிவரச் செம்மறிகள்.

"நியூசிலாந்தில இல்லாத ஆட்டைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று நான் கேட்டேன்.

"கொஞ்சம் மூச்சு விட விடப்பா."

உச்சியில் ஒரே பனிமூட்டம். ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனாலும் ஏறிவிட்டோம் என்ற சந்தோசப் புளுகத்தில் இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிக் கூச்சல் போட்டோம்.

ஆக்லாந்து வந்து வீட்டுக் கதவைத் திறக்க டெலிபோன் அடித்தது. அந்த அக்காதான். அன்று பின்னேரம் வரை சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்தாராம். எங்கேயோ விழுந்து கிடக்கிறோம் என்று பயந்து, நாயையும் கூட்டிக்கொண்டு மழைக்குள் மூன்று மணித்தியாலம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினாராம். நாங்கள் மறுபக்கத்தில் பஸ் ஏறினதை மறுநாள் அந்த டிரைவர் சொல்லித்தான் உயிர் வந்ததாம்.

"வருவம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

வெட்கத்தில் என் உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்டு, எங்கள் வழக்கத்தைத் தட்டுத்தடுமாறி விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அக்கா சொன்னார்:

"அப்ப அது பொய்யில்லையே. நீங்கள் இன்னும் வரேல்லை, அவ்வளவுதான். எப்ப வாறியள்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன, ஏசுறாவோ?"

"இல்லையப்பா. கூப்பிடுறா."