ஸ்கேனில் வராத அடி

பெருங்களத்தூரில் பஸ் உரசி என் கணவர் ஸ்கூட்டரோடு விழுந்தபோது தலையில் ஹெல்மெட் இருந்தது. மயங்கிக் கிடந்தவர் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தார். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். ஒரு தையல்கூட இல்லை. அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து, கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார் என்று சாட்சி சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு அதில் தாமதமே கிடையாது.

பிறகுதான் ஆரம்பித்தது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர், போர்டு முன்னால் பாதிக் கணக்கில் நின்றுவிட்டார். லீவு போட வேண்டியதாயிற்று. குக்கர் விசில் அடித்தால் எரிந்து விழுவார். சட்டைக்குப் பட்டன் போட ஆரம்பித்து அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அவரைக் கிளப்பிக் கிளப்பி எனக்கு அலுத்துப்போனது.

வேறொரு டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். "மண்டையோடு உடையறது, மூளை கன்னிப்போறது, உள்ள ரத்தம் கட்டறது, இதெல்லாம் பெரும்பாலும் ஸ்கேன்ல தெரிஞ்சிடும்மா. லேசா அதிர்ந்துட்டு தானா சரியாகிறதும் உண்டு. சாருக்கு வேற. தலை சுழன்ற வேகத்துல உள்ள இருக்கிற மெல்லிசு நரம்பிழைங்க அங்கங்க அறுந்திருக்கு. முதல்ல எடுத்த ஸ்கேன்ல அது தெரியாம போகலாம். வேலைக்கு அவசரப்படுத்தாதீங்க."

சபையில் இதைச் சொன்னால், "நீங்களே சாட்சி சொன்னீங்களே அக்கா, இப்ப அவிசுவாசமா பேசலாமா?" என்று வாயை அடைத்தார்கள். இவரைப் பார்த்தாலோ, "ஜம்முனு இருக்கீங்க சார்!" இவரும் சிரித்துக் கைகொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

பள்ளித் தாளாளரும் எங்கள் சபைக்காரர்தான். ஜூனில் மறுபடி பத்தாம் வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார். முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் முன்னால் இன்னொரு தரம் அப்படி நின்றால் மனிதர் உடைந்தேபோவார்.

போன ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். "அவருக்கு இன்னும் சுகமாகல. மூளையில அடி, ஸ்கேன்ல வரல, அவ்ளோதான். ஜூன்ல கிளாஸ் எடுக்க அவரால முடியாது. ஜெபம் பண்ணுங்க. ஆனா நல்லா இருக்கீங்கன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சபை நடுவே மானத்தை வாங்கிவிட்டேன் என்று கோபித்துக்கொள்வார் என்றே நினைத்தேன்.

சிட்லபாக்கம் திரும்பும் ஆட்டோவில் ஏரி தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ இனிமே யார் முன்னாடியும் நான் நல்லா இருக்க வேணாம், இல்ல?"