பஹ்மியா எழும்பிப் போன கதிரை

கொட்டாஞ்சேனை மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் பஹ்மியாவின் கதிரை ஜன்னலோரம். அவள் திரையில் கொழும்பு வடக்கின் நூற்றி நாற்பது ட்ரான்ஸ்போமர்களும் நிமிடத்துக்கு ஒருதரம் தங்கள் சூட்டைச் சொல்லும். எண்பத்தைந்து பாகையைத் தாண்டினால் எண் சிவந்து அலாரம் கத்தும். உடனே சுமையை வேறு பக்கம் மாற்றிவிடுவதுதான் அவள் வேலை. ஒன்பது வருடத்தில் அவள் பொறுப்பில் ஒன்றும் எரிந்ததில்லை. பச்சை எண்களை அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை.

கதிரையை விட்டு எழும்பினால் தன் கணினிக் கணக்கை மூட வேண்டும் என்பது விதி. மூடினால் அவள் பகுதி அடுத்தவர் திரைக்குப் போய்விடும். திருப்பி எடுக்க ஆறு நிமிடம். அதனால் யாருமே மூடுவதில்லை. மத்தியானம் அவள் லுஹர் தொழப் போனால் பக்கத்துக் கதிரைக் கிளைவ் வந்து அவள் இடத்தில் உட்காருவான். பெருநாளைக்கு அவள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் போகும், நத்தாருக்கு அவன் வீட்டிலிருந்து லவ் கேக் வரும்.

"போங்க மிஸ், எனக்கும் சேத்துக் கேளுங்க. சூட்ட நான் பாக்கிறன்" என்பான்.

மார்ச்சில் ஒரு செவ்வாய், அவள் தொழுதுவிட்டு வந்தபோது எல்லாம் பச்சை. மூன்று மணிக்கு முகத்துவாரத்தில் ஐஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்து ட்ரான்ஸ்போமர் வெடித்து எரிந்தது. பதிவைத் திறந்தாள். அவள் தொழுதுகொண்டிருந்த 12.34க்கு அதன் அலாரம் எல்லை எண்பத்தைந்திலிருந்து நூற்றைந்துக்கு ஏற்றப்பட்டிருந்தது. ஏற்றியவர் பெயர்: பஹ்மியா.

"கிளைவ், நீங்களா?"

"அது கத்திக்கொண்டே இருந்தது மிஸ். திருப்பி வைக்கத்தான் நினைச்சன், மறந்திட்டன்."

"அப்ப ஹெக்டர் சேர்ட்ட சொல்லுங்க."

"ஓம், நாளைக்கே சொல்றன்."

அடுத்த நாள் படிக்கட்டில் அவளை மறித்தான். "கை தவறிட்டு எண்டு நீங்களே சொல்லுங்களன் மிஸ். உங்கட நல்ல பேருக்கு ஒரு கடிதத்தோட விட்டுருவாங்க. எனக்கு அடுத்த மாசம் ப்ரமோஷன்."

"அந்த நல்ல பேரத்தானே கேக்கிறீங்க?"

அதை அவள் மெல்பனில் இருக்கும் எனக்குப் போனில் சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்தே அவளைத் தெரியும். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல அவளுக்கு வராது. அதன்பின் நாளுக்கு இரண்டு தரம் அழைத்தேன். அவள் எடுக்காவிட்டால் தூக்கமில்லை.

விசாரணையில் உள்ளதைச் சொன்னாள். பக்கத்தில் நின்று தொழுத ஸமீமாவும் வந்து சொன்னாள். பொறியியலாளர் ஹெக்டர் கிளைவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது சேர்" என்றான் அவன், மேசையைப் பார்த்தபடி. "நான் என்ட கதிரையிலதான் இருந்தன்."

ஹெக்டர் கோப்பை மூடினார். "நீங்க சொல்றது உண்மையா இருந்தாலும் கணக்கத் திறந்து போட்டுட்டுப் போனது நீங்கதானே, மிஸ்?"

அவளை ஒருகொடவத்தைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். பழைய மீற்றர்களை அடுக்கி வைக்கிற இடம்.

கடைசி நாள் லுஹருக்குப் பாங்கு கேட்டதும் அவள் எழும்பினாள். பழக்கத்தில் கிளைவும் எழும்பிவிட்டான்.

"போங்க மிஸ், நான்..." என்றவன் பாதியில் நின்றான்.

அவள் கணக்கை மூடினாள்.

"திருப்பி எடுக்க ஆறு நிமிஷம் போகுமே."

"போகட்டும்."

நூற்றி நாற்பது எண்களும் அவன் திரையில் போய் விழுந்தன, அவன் பெயரில். முகத்துவாரப் பக்கம் ஒன்று சிவந்து கத்தத் தொடங்கியது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தொழப் போனாள்.