நாலு பொட்டலம்

எண்பதுகளில், மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் நான் நாற்றுப்பண்ணைக் கிராணி. கிராணி என்றால் கணக்கெழுதுகிறவர் என்று அர்த்தம். நாற்றுப்பண்ணையில் கணக்கைவிடப் பெரிய வேலை கழிப்பது. கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் வரிசையாக நிற்கும் கன்றுகளுக்கு நடுவே நடந்து, எது நடவுக்குப் போகும், எது குப்பைக்குப் போகும் என்று நான் விரலை நீட்ட வேண்டும். ஓலை புல்லைப் போலக் குறுகியிருந்தால் குப்பை. முறுக்கிக்கொண்டிருந்தால் குப்பை. ஈட்டி மாதிரி விறைத்து நிற்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதுவும் குப்பை. பின்னாலேயே மண்டோர், அதாவது கங்காணி, பாராங் கத்தியோடு வருவார். நான் நீட்டியதை அவர் வெட்டுவார்.

களை பிடுங்கும் பெண்கள் என் தலை தெரிந்ததும், "எமன் வர்றாருடி" என்பார்கள். காதில் விழட்டும் என்றுதான் சொல்வார்கள்.

"ஏன் கிராணியாரே, அது பாட்டுக்கு ஓரமா நிக்கிது. ஒங்க வீட்டு சோத்தையா திங்கிது?"

நான் பதில் சொல்வதில்லை. எமன் எங்கேயாவது விளக்கம் கொடுத்திருக்கிறானா?

நான் நிறையப் படித்தவன் என்று தோட்டத்தில் ஒரு வதந்தி இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடைவீதியில் கருவாடு வாங்கினால், அதைச் சுற்றிக் கொடுத்த பத்திரிகையையும் படித்துவிட்டுத்தான் வீட்டில் கொடுப்பேன். வதந்திக்கு அவ்வளவுதான் ஆதாரம். ஆனாலும் எண்ணெய்ப்பனையின் பரம்பரை விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். பனையின் சாதி அதன் கொட்டை ஓட்டில் இருக்கிறது. தடித்த ஓடு என்றால் எண்ணெய் குறைவு. ஓடே இல்லாவிட்டால் மரம் பெரும்பாலும் மலடு. இவை இரண்டையும் சேர்த்தால் மெல்லிய ஓடு கிடைக்கும். கம்பெனிக்கு வேண்டியது அது. ஆனால் மெல்லிய ஓட்டோடு மெல்லிய ஓட்டைச் சேர்த்துவிடக் கூடாது. சேர்த்தால் பிறப்பதில் நாலில் ஒன்று மலடாகப் போகும். கன்றைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. சில வருஷம் வளர்த்து, குலை தள்ளிய பிறகு காயை அறுத்தால்தான் தெரியும். ஆகவே தாய் தகப்பனைப் பார்த்துச் சேர்ப்பது ஒன்றே வழி.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான் அழகாக விளக்குவேன். விளக்கிவிட்டு, வீட்டுக்குப் போய், என் தாய்மாமன் மகள் கையால் சாப்பிடுவேன். அவள்தான் என் மனைவி. உரிமைப் பெண். வேறு யாரையும் நான் கட்டியிருந்தால் மாமன் பாராங்கைத் தூக்கியிருப்பார்.

எங்கள் மகன் பிறந்து சில மாதங்களிலேயே வெளுத்துப்போனான். கிள்ளான் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தலசீமியா என்றார்கள். உடம்பு தனக்கு வேண்டிய நல்ல ரத்தத்தைத் தானே ஊற வைக்காது. மாதாமாதம் ஏற்ற வேண்டும். ஏற்றினோம். ஆறு வயதுவரை இருந்தான். ஊசி குத்த வரும் தாதியிடம், "எந்தக் கைன்னு நான்தான் சொல்லுவேன்" என்பான். அது ஒன்றுதான் அவன் செல்வாக்கு செல்லுபடியான இடம். பிறகு அவன் இல்லை.

கிள்ளான் மருத்துவர் ஒரு காகிதத்தில் பட்டாணி வரைந்து எங்களுக்கு விளக்கினார். எனக்கும் மனைவிக்கும் நோய் இல்லை. ஆனால் இருவர் ரத்தத்திலும் பாதிப் பங்கு ஒளிந்திருக்கிறது. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து.

"மெல்லிய ஓடும் மெல்லிய ஓடும்" என்றேன் நான்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் மனைவி கல்யாணத்துக்கு முன் நாற்றுப்பண்ணையில் வேலை செய்தவள். அவளுக்குப் புரிந்தது.

அதன் பிறகு பிள்ளையே வேண்டாம் என்று சில வருஷம் இருந்தோம். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எனக்கு ஒரு புள்ள வேணும் மாமா. அவன் பட்ட கஷ்டத்தப் படாத புள்ள."

வேண்டாம் என்று இருந்த காலத்தில் மாதாமாதம் பயந்து செத்தோம். வேண்டும் என்று ஆனதும் ஒன்றும் நடக்கவில்லை. இயற்கைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் இந்த ஒரு குணம் பொது, கேட்டால் வராது. சோதித்ததில் கருக்குழாய் இரண்டு பக்கமும் அடைப்பு என்று தெரிந்தது. கோலாலம்பூரில் ஒரு தனியார் கிளினிக்கில், முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கித் திரும்ப வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். எண்பதுகள் முடியும் நேரம். அப்போது அது புதிது. விஷயம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் பரவ ஒரு பொழுது போதுமாக இருந்தது.

"போத்தல்ல புள்ள வளக்கிறாங்களாம்ல?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"ஆமாக்கா. மூடிய மட்டும் நாம கொண்டு போவணும்" என்றாள் என் மனைவி.

கிளினிக்கில் எங்களைப் பார்த்த மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். எழுவாயை ஆங்கிலத்திலும் பயனிலையைத் தமிழிலும் வைத்து, மூச்சு விடுகிற இடத்தில் மலாய் 'லா' போடுவார். ஆனால் பொறுமைசாலி. படம் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். மருந்து கொடுத்து முட்டைகளை வளர்ப்பார்களாம், எடுப்பார்களாம், கண்ணாடித் தட்டில் கருவாகி, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, எட்டாகும்போது உள்ளே வைப்பார்களாம்.

என் மனைவி கேட்டாள்: "அது வெளியத்தானே இருக்கு டாக்டர்? அப்பவே பாத்து, அந்த நோய் இல்லாததா எடுத்து வச்சிட்டா என்ன?"

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல question. லண்டன்ல try பண்றாங்க. எட்டு செல்லுல ஒண்ணே ஒண்ண மட்டும் எடுத்துப் பாக்கறாங்க."

"ஒண்ண எடுத்தா மிச்சம் பொழைக்குமா?"

"பொழைக்கும்னுதான் சொல்றாங்க. ஆனா இப்போதைக்கு ஆம்பளையா பொம்பளையான்னு பாக்கற அளவுக்குத்தான் வந்திருக்காங்க. சில நோய் ஆம்பளப் புள்ளைக்கு மட்டும்தான் வரும், அதுக்கு அது போதும். உங்க கேஸுக்குப் போதாது லா."

"ஆணா பொண்ணான்னு மட்டும் பாக்குற மிஷினா? அது இங்க வந்தா கிள்ளான் வரைக்கும் வரிசை நிக்கும்" என்றாள் மனைவி.

மருத்துவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நிஜத்தைச் சொன்னார். இங்கே கருவைப் பார்த்தெடுக்கும் வழி இல்லை. எப்போது வரும் என்று அவராலும் சொல்ல முடியாது. காத்திருக்க என் மனைவியின் வயது இடம் கொடுக்காது. பார்க்காமல் வைக்கலாம். தங்கினால், மூன்றாம் மாத வாக்கில் உள்ளிருந்து துளி சதை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதிக்கலாம். நோய் இருந்தால், அப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

"வேர் பிடிச்சப்பறமா பாக்கறது?" என்றாள் மனைவி.

"ஓகே, அப்படியும் சொல்லலாம்" என்றார் மருத்துவர்.

திரும்பும் வழியில் பஸ் ரவாங்கைத் தாண்டும்போது, என் தொழில் அறிவையெல்லாம் திரட்டி ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். விரலை நீட்டுவது தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது அன்றுதான் உறைத்தது.

எங்களோடு இருந்த மாமியாருக்கு இதில் குழப்பமே இல்லை. "பூக்கட்டிப் பாப்போம் மாப்ள. ஆத்தா சொல்லட்டும்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்களுக்கு நாடாளுமன்றம் மாதிரி. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்து, நூல் சுற்றி, அம்மன் முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் கல்யாணமும் அப்படித்தான் முடிவானது. வெள்ளைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி வாரநாட்களில் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வெள்ளை அரளியையும் செம்பருத்தியையும் எடுத்து வைத்துக்கொண்டு அவர் இலை கிழிக்கத் தொடங்கியபோது மனைவி சொன்னாள்:

"ரெண்டு வேணாண்ணே. நாலு கட்டுங்க. மூணு வெள்ள, ஒரு செவப்பு."

"அது என்னா புதுப் பழக்கம்?"

"டாக்டர் சொன்ன கணக்கு."

"ஆத்தாகிட்டயே கணக்குக் காட்டுறியா லா நீ?" என்றார் பூசாரி. இருந்தாலும் கட்டினார். நாலும் அச்சாக ஒரே மாதிரி இருந்தன. தட்டில் போட்டுக் குலுக்கினார். மனைவி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

மாமியார் குலவை போட்டார். பூசாரி மணியை எடுத்தார்.

"திரும்பக் கட்டுங்கண்ணே. கலைங்க" என்றாள் மனைவி.

"உத்தரவு வந்திருச்சும்மா!"

"கலைங்க."

அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. மாமியார் குலவையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க. சாமிகிட்ட ஒரு தடவதான் கேக்கணும்." நான் கோயில் தூணைப் பார்த்தேன். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்பிக்கை இல்லன்னா எதுக்கும்மா வந்தே? நான் லோரி கழுவப் போவணும்."

"இன்னும் ஒரு தடவ அண்ணே."

இந்தத் தடவை பிரித்தபோது செம்பருத்தி. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி அந்தப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். கீழே போடவில்லை, தட்டில் திருப்பி வைக்கவும் இல்லை.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கேட்டேன்: "என்ன பண்ணிட்டு வந்தே நீ?"

"வெள்ள வந்தா என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும் மாமா, அதுக்கு எதுக்கு ஆத்தா? செவப்பு வந்தா கை ஒதறிடுமோன்னுதான் பயம். அதான் அது வர்ற வரைக்கும் எடுத்தேன். ஒதறல. நாளைக்கே டாக்டருக்கு போன் போடுங்க."

முதல் தடவை வைத்தது தங்கவில்லை. இரண்டாம் தடவை மூன்று கருக்கள் கிடைத்தன. வைப்பதற்கு முன் மருத்துவர் அவற்றை ஒரு சின்னத் திரையில் காட்டினார். மூன்றும் நுரைக் குமிழிகளைப் போல, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் இருந்தன. பழக்க தோஷத்தில் கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தேன்.

"மாமா, ஒங்க கண்ணால அதுங்களப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள் மனைவி, படுத்தபடியே.

திரும்பிக்கொண்டேன். சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. அதைப் படித்தேன்.

தங்கியது. தோட்டத்துப் பெண்கள் அவளைப் பார்க்க ரம்புத்தான் பழமும் ஊறுகாயுமாக வந்தார்கள். மூன்றாம் மாதச் சோதனைக்கு நாள் நெருங்க நெருங்க, "சாமி குடுத்தத எதுக்குக் குத்திப் பாக்கணும்?" என்று மாமியார் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினார். அதுவும் ஒரு வகையில் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"மொத தடவ தெரியாம இருந்தோம் மாமா" என்றாள். "அவன் வெளுத்துப் போனப்ப, நான் நெறமா இருக்கான்னு பெருமப்பட்டுக்கிட்டு திரிஞ்சேன். இந்தத் தடவ தெரியாம இருக்க மாட்டேன். தெரிஞ்சப்பறம் என்ன செய்றதுன்னு அப்ப சொல்றேன். இப்பக் கேக்காதீங்க."

கேட்கவில்லை. போனோம், எடுத்தார்கள், அனுப்பினார்கள். வீட்டில் தொலைபேசி இல்லாததால், பதில் தோட்ட ஆபீசுக்கு வரும் என்று ஏற்பாடு. அந்த நாட்களில் நான் பண்ணைக்குப் போகாமல் ஆபீசிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். தப்பிய கன்றுகள் எனக்கு நன்றி சொல்லியிருக்கும்.

ஒரு மத்தியானம் மணி அடித்தது. மருத்துவரின் குரல்.

"உங்க ரெண்டு பேர் மாதிரியேதான். பாதிப் பங்கு இருக்கு, நோய் கிடையாது. விளங்குதா லா?"

விளங்கியது. நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. தகவலைச் சொல்ல மேனேஜரின் அனுமதியில்லாமல் அவருடைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு வாங்கிய திட்டு இந்தக் கதையில் சேராது.

மனைவி வாசலில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அதன் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு அந்த ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மகன் போன அன்றுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு மாமியார் ஓடிவந்தார். என்னவென்று தெரிந்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "எனக்குத் தெரியும்! எம் பேரன்தான் திரும்பி வர்றான். அதே பேர வச்சிரணும்."

"வேணாம்மா" என்றாள் மனைவி.

"ஏன்டி, அவனே தேடி வர்றப்ப..."

"அவன் திரும்பி வர வேணாம். எதுக்கு வரணும், ஊசிக்கா? அவன் அவன்தான். இது வேற புள்ள. இதுக்கு வேற பேரு."

மாமியார் வாதாட வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணி போட்டார். சர்க்கரை போட மறந்திருந்தார். அப்படியே குடித்தோம்.

பிறந்தது மகன். பேர் வைக்கும் நாளில், பிள்ளையின் காதில் மூன்று தடவை பேர் சொல்லும் உரிமை மாமியாருக்கு. இரண்டு தடவை கணீரென்று சொன்னார். மூன்றாம் தடவை குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. என் மனைவி அவர் தோளில் கையை வைத்தாள். பிறகு, புதுப் பேரையே சொன்னார்.