இருட்டுத் தட்டு

அக்கா, சத்தியமாக இது நடந்தது. கதை விடவில்லை. டைப் பண்ணக் கை ஓடவில்லை, பேசியே அனுப்புகிறேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டாதே.

என் வேலை தெரியுமே. யாரோ கொடுத்த தோலிலிருந்து, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் உண்டாக்கித் தட்டுகளில் வளர்க்கிறோம். நீல ஒளி படும் இடத்தில் அவை மூளையாக மாறத் தொடங்கும். கருவில் மூளை எப்படி உருவாகிறது என்று அதில் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டில் மட்டும் ஒளியே படவிடமாட்டோம். அதுதான் இருட்டுத் தட்டு.

தட்டுகள் இருக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். அது செல்களைப் பாதிக்காது. டியூப்லைட்டைப் போட்டால் அத்தனை தட்டும் வீண். என் வேலை போகும். பின்னாலேயே விசாவும்.

"பயமா இருந்தா பாட்டுப் பாடும்மா. செல்லுக்குக் காது கிடையாது" என்பார் லேப் சீனியர்.

திங்கட்கிழமை, பட்டப்பகல். தட்டுகளுக்குச் சத்துநீர் மாற்றினேன். சிவப்பாக ஊற்றுவோம். செல்கள் தின்னத் தின்ன மஞ்சளாகும். சிவப்பு விளக்கில் நிறம் தெரியாது; உறிஞ்சிய பழைய நீரை வெளியே கொண்டுவந்து பார்த்தேன். எல்லாம் மஞ்சள். இருட்டுத் தட்டுடையது மட்டும்... ஊற்றிய அதே சிவப்பு.

உள்ளே போய், சிவப்பு ஒளியிலேயே அந்தத் தட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கடுகளவு உருண்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி. கண் உருவாகும் இடம் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒளியே படாத தட்டில் அது வரக் கூடாது.

எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம். என் நாற்காலி இருந்த பக்கம்.

மறுநாள் நாற்காலியைக் கதவோரம் போட்டேன்.

புதன்கிழமை புள்ளிகள் கதவுப் பக்கம் இருந்தன.

சீனியரிடம் சொன்னேன். "தட்டு ஆடியிருக்கும். உன்னைப் பார்க்க எந்தப் பேய் வரும், போம்மா."

நேற்று மறுபடியும் பார்த்தேன். நீர் அதே சிவப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

ஒரு புள்ளி மறைந்தது...

வந்தது.

பக்கத்துப் புள்ளி மறைந்தது. வந்தது.

பிறகு எல்லாம். ஒன்றாக.

இமைத்தன, அக்கா.

கை தானாக டியூப்லைட் சுவிட்சுக்குப் போனது. ஒரு தட்டு தட்டினால் போதும், இருட்டு போய்விடும். வேலையும் போய்விடும்.

விரல் சுவிட்சின் மேல்.

டிக்... டிக்... தட்டின் மூடியில், உள்ளேயிருந்து.

சுவிட்சைப் போடவில்லை. அப்படியே பின்வாங்கி வெளியே வந்துவிட்டேன்.

இன்று காலை சீனியர், தட்டுகளைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டரைத் திறந்தார்.

"இருட்டுத் தட்டு இன்னும் இங்கயா இருக்கு?"

"ஏன்? தினமும் நீர் மாத்திட்டுதானே இருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதோட வேலை போன வெள்ளிக்கிழமை சாயங்காலமே முடிஞ்சுதும்மா. ஃபார்மலின் ஊத்திக் கொன்னு, கழுவியாச்சு. ஞாபகமறதியில திருப்பி உள்ளயே வச்சிட்டேன் போல. செத்ததுக்கு நாலு நாளா சோறு ஊட்டியிருக்கியே, தாயே!"



நாளைக்கும் அந்த அறைக்குள் நான்தான் போக வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தட்டை நானே பார்த்தேன், அக்கா. அப்போது அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.