வெங்காயப் பாத்திக்குப் பக்கத்தில் அறுபது மீற்றர்

ஐம்பத்து மூன்றாவது வயதில் நான் முகங்குப்புற விழுந்தேன். பாடசாலை விளையாட்டுப் போட்டியில், ஆசிரியைகளுக்கான ஐம்பது மீற்றர் ஓட்டத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க விழுந்தேன். மனம் போன வேகத்துக்குக் கால் வரவில்லை. முழங்கால் தேய்ந்து, அபாயாவின் முன்பக்கம் கிழிந்து, வாயெல்லாம் மணல். எல்லாரும் ஓடி வந்து தூக்கினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் வலித்தது. இளம் ஆசிரியை ஒருத்தி விழுந்திருந்தால் மைதானமே சிரித்திருக்கும். வயதானவர் விழுந்தால்தான் யாரும் சிரிப்பதில்லை.

மன்னாரில் படித்த காலத்தில் நூறு மீற்றர் ஓடியவள் நான். தொண்ணூறாம் ஆண்டு, எங்கள் முஸ்லிம் சனம் முழுவதும் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, உம்மா வாப்பாவோடு வள்ளத்தில் கற்பிட்டிப் பக்கம் வந்து இறங்கினேன். முகாமில் சில வருடம். பிறகு ஆசிரியர் நியமனம். பிறகு ஆலங்குடாவில் வெங்காயமும் மிளகாயும் செய்கிற, பரம்பரையாக இந்த ஊரிலேயே இருக்கிற ஒருவரோடு கலியாணம். மூன்று பிள்ளைகள். போர் முடிந்து, பிள்ளைகளும் வளர்ந்து வெளியூர் போய், வீட்டில் நானும் அவருமாக மிஞ்சிய காலத்தில்தான் இப்படி விழுந்தேன்.

முழங்கால் காய்ந்ததும், விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரையில் ஓடத் தொடங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. வெறுங்காலோடு, புதையும் மணலில், மூச்சு முட்டும் வரைக்கும் ஓடுவேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கரைவலைக்காரர்கள் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"டீச்சர்! அப்பிடி ஓடினா கால் உடையும்!"

அவளைக் கண்டு பழக்கம் உண்டு. சிலாபம் பக்கத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் முதல் பஸ்ஸில் வந்து, கருவாடு வாங்கிக்கொண்டு போகிற வியாபாரி. கிறிஸ்தவப் பெண். வீட்டில் சிங்களமும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். என் வயதுதான். அவள் கருவாட்டுப் பையை மணலில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எத்தன தரம் ஓடினீங்க?"

"எண்ணல்ல. பத்து இருக்கும்."

"ஐயோ! நாலு போதும். ஒண்டு ஓடினா அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கணும். நாளைக்கு ஓடப்படாது. நாளண்டைக்கு ஓடலாம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் கைப்பையைத் திறந்து, ஒரு பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து ஒரு சோடியைக் காட்டினாள். மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகளில் பத்து வருடமாக நூறு மீற்றர் ஓடுகிறாளாம். சப்பாத்திலும் கருவாட்டு மணம் அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். நான் விழுந்ததிலிருந்து முதல் தடவையாக, ஓட்டத்தைப் பற்றிய பேச்சில் ஒருவர் என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து கருவாடு வாங்க வருகிற நாளில் எனக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினாள். ஓட்டம் என்றால் ஓடுவது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவள் ஓடவே விடவில்லை. முதலில் கதிரையில் கைபிடிக்காமல் இருந்து எழும்பச் சொன்னாள். பிறகு நடந்தபடி முழங்காலை இடுப்பு வரைக்கும் தூக்கச் சொன்னாள். பிறகு மெல்லத் துள்ளச் சொன்னாள். அரை மணித்தியாலம் உடம்பு சூடேறிய பிறகுதான் முப்பது மீற்றர், அதுவும் நாலே நாலு தரம். "புறப்பட்ட உடன நிமிரப்படாது டீச்சர். குனிஞ்சபடியே நிலத்தத் தள்ளுங்க. நிமிர அவசரமில்ல." இடையிலே ஓய்வு. அந்த ஓய்வில்தான் கதைப்போம். அவளுடைய கணவருக்கு இடுப்பு வருத்தம் என்பதும், கடலுக்குப் போவதை அவர் விட்டுவிட்டார் என்பதும், வீடு அவளுடைய உழைப்பில்தான் ஓடுகிறது என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தன.

கடற்கரை மணல் காலுக்குக் கூடாது, இறுகிய நிலம் வேணும் என்றாள். நான் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வெங்காயம் நடுற எடத்துல நீ ஓடப்போறியா?" என்றார்.

"ஒரு ஓரமாத்தான்."

"ஊர்ச்சனம் என்ன சொல்லும்?"

"என்ன சொல்லும் எண்டு நீங்களே சொல்லுங்க."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்றாம் நாள் காலை தோட்டத்துக்குப் போனபோது, வெங்காயப் பாத்திகளுக்குப் பக்கத்தில் அறுபது மீற்றர் நீளத்துக்கு ஒரு பாதை கிடந்தது. புல் செருக்கி, கல் பொறுக்கி, தண்ணீர் நிரப்பிய பீப்பாயை உருட்டி இறுக்கியிருந்தார். வெங்காயத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாயில் ஒன்றை அந்தப் பக்கம் திருப்பியும் வைத்திருந்தார். பின்னேரம் நனைந்தால் காலையில் மணல் கெட்டியாக இருக்கும். அவரிடம் போய் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "மிளகாய்க்குப் பூச்சி விழுந்திருக்கு, வந்து பாரு" என்று பேச்சை மாற்றிவிட்டார். அவருக்கு அப்படித்தான் வரும்.

பாதை கிடைத்ததும் எனக்கு ஆசை மிஞ்சியது. அவள் இல்லாத நாட்களிலும் ஓடினேன். அடுத்தடுத்த நாள் ஓடினேன். மூன்றாம் மாதம் ஒரு காலை, பாதி தூரத்தில், பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கால் மடிந்து நிலத்தில் இருந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் மீன் இறக்குகிற இடத்துக்குப் போய் ஐஸ் வாங்கி வந்தார். கட்டியை உடைத்து, சாரத்துண்டில் சுற்றி, தொடையில் வைத்தார். வைத்தியர், தசை கிழிந்திருக்கிறது, ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஓடக் கூடாது என்றார். வியாழக்கிழமை கருவாட்டுக்காரி வந்தாள். கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"எத்தன நாள் ஓடினீங்க?"

"தினமும்."

"நான் என்ன சொன்னேன்?"

"நாளைக்கு ஓடப்படாது, நாளண்டைக்கு ஓடலாம் எண்டு."

"அப்ப ஏன்?"

இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டவள் நான். பிடிபட்ட பிள்ளை போலப் போர்வையை இழுத்துக் காலை மூடினேன். அவள் கட்டில் ஓரத்தில் இருந்து சொன்னாள்: "டீச்சர், நம்மட வயசுல ஓடினா உடம்பு பழுதாகும். படுத்துத் தூங்குற நேரத்துலதான் அது திரும்பக் கட்டும். தூங்காம கட்ட ஏலாது." அந்த ஆறு கிழமையும் சொன்னபடி கிடந்தேன். ஏழாம் கிழமை நடந்தேன். பிறகு மெல்ல மெல்ல ஓடினேன்.

அந்த வருடக் கடைசியில் மூத்தோருக்கான என் முதல் போட்டி. தளர்ந்த நீளக் காற்சட்டையும் முழங்கால் வரைக்கும் நீண்ட சட்டையும் தலையில் இறுக்கிய துணியுமாக நின்றேன். அடுத்த தடத்தில் அவள். குனிந்தோம். தொடக்கி வைக்கிறவர் கையை உயர்த்தினார். துவக்கு வெடித்தது.

எல்லாரும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. இரு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தடத்திலேயே குந்தியிருந்தேன். தோட்டத்தில் அவள் கைதட்டித்தான் என்னைப் புறப்பட வைப்பாள். வெடிச்சத்தத்துக்கு என் உடம்பு வேறு எதையோ செய்யும் என்பது எனக்கே தெரியாது. போர் முடிந்து எவ்வளவு காலம்! எழும்பி ஓடினேன். கடைசியாகத்தான் வந்தேன். முடிவுக் கோட்டில் அவள் காத்திருந்தாள். அவள்தான் முதலாம் இடம். அதைப் பற்றி ஒரு சொல் பேசாமல், "சத்தமா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன்.

அதற்கு மருந்து கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர்தான். குருவி விரட்டத் தோட்டத்தில் தகரம் தட்டுவார். ஒரு பெரிய தகரத்தையும் இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினார். முதல் நாட்களில் ஒவ்வொரு அடிக்கும் தோள் குறுகும். அவர் அவசரப்படவில்லை. முதலில் தூரத்தில் நின்று தட்டினார். கிழமைக்குக் கிழமை கிட்ட வந்தார். சத்தம் கேட்டதும் கால் முன்னுக்குப் போகப் பழகியது. தகரச் சத்தத்துக்கு அயல் வளவுக்காரர் ஒருவர் வேலியால் எட்டிப் பார்த்து, "மதினி ஓடுறது குருவிக்குப் பயந்தா?" என்று கேட்டார். அன்று முழுக்க வீட்டில் சிரிப்பு.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. செய்தி கேட்டதும் எனக்கு முதலில் அவளுடைய முகம்தான் வந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்தேன். எடுத்து வைத்தேன். என்ன சொல்ல? எங்கள் பெயர்களை வைத்திருந்தவர்கள் செய்த காரியம். ஒரு தரம் அழைத்து, மணி அடிக்க முதலே துண்டித்துவிட்டேன். வெளியே சோதனைச் சாவடிகள். தோட்டத்திலும் ஓடவில்லை. தலையில் துணி கட்டிய ஒரு பெண் வேகமாக ஓடுவதை ரோட்டால் போகிறவன் கண்டால் என்ன நினைப்பான் என்று பயமாக இருந்தது. அந்த வியாழன் அவள் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. கிழமைகள் போயின. நோன்பும் வந்து, பெருநாளும் கழிந்தது. இனி அவள் வரமாட்டாள் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, வாசலில் அவளுடைய குரல்.

"டீச்சர், பஸ்ஸில என்ட பைய நாலு தரம் தொறந்து பாத்தாங்க. பழைய கருவாட்டுப் பை. மணத்துக்கு அவங்களே மூடிட்டாங்க."

நான் வாசற்படியில் நின்று அழுதேன். அவளும் அழுதாள். உள்ளே வந்து இருந்தாள். வீட்டுக்காரர் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"மூண்டு சாவு வீட்டுக்குப் போனன்" என்றாள். "ஒண்டு எங்கட சொந்தம்."

"நான் கோல் எடுத்திருக்கணும். எடுக்கல்ல. எனக்கு வெக்கமா இருந்திச்சு."

"எனக்குக் கோபமா இருந்திச்சு டீச்சர். பொய் சொல்ல மாட்டன். வியாழக்கிழம வந்தா பஸ் ஏற மனம் வராது. யாரில கோபம் எண்டும் விளங்கல்ல." கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "பொறகு யோசிச்சன். உங்களில இல்ல. அது விளங்கின உடன பஸ் ஏறிட்டன்."

அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு பெரிய பேச்சு எனக்குள் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். தேத்தண்ணி ஆறும் வரைக்கும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள்தான் எழும்பினாள்.

"எத்தன நாளா ஓடல்ல?"

"நீங்க வராததிலருந்து."

"நானும்தான். வாங்க. முதல்ல கதிரையில இருந்து எழும்பிப் பாப்பம்."

இருவரும் ஆரம்பத்திலிருந்தே தொடங்கினோம். பாதையில் புல் முளைத்திருந்தது. வீட்டுக்காரர் திரும்பவும் பீப்பாயை உருட்டினார்.

அந்த வருடப் போட்டி இரண்டு மாதம் பிந்தித்தான் நடந்தது. மைதானத்தில் தலைத்துணியோடு நின்றவள் நான் ஒருத்திதான். பதிவு மேசையில் என் பெயரைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அவள், தன் பெயரைச் சொல்லிவிட்டு, சிங்களத்தில் "நாங்க ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வந்திருக்கோம்" என்றாள். மேசையில் இருந்த பெண்மணி நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு புன்னகை செய்து, இலக்கத் துணியை என் முதுகில் தன் கையாலேயே குத்திவிட்டாள். அந்தப் பெண்மணியை எனக்கு யாரென்று தெரியாது. இன்றைக்கும் அவளுக்காகத் துஆ கேட்கிறேன்.

துவக்கு வெடித்தது. என் தோள் குறுகவில்லை. குனிந்தபடியே நிலத்தைத் தள்ளினேன். முதல் முப்பது மீற்றரில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. உண்மையாகவே யாரும் இல்லை. அறுபதில் அவள் என்னைக் கடந்தாள். எண்பதில் இன்னொருத்தி. ஆறு பேரில் மூன்றாவதாக வந்தேன். அவள் முதலாவது. திரும்பி என்னைக் கட்டிப்பிடித்து, மூச்சு வாங்க, "முப்பது மீற்றர் ஓட்டப் போட்டி வச்சா டீச்சர்தான் ராணி!" என்று கத்தினாள்.

வீட்டுக்காரர் பார்வையாளர் பக்கத்தில் எழும்பி நின்றுகொண்டிருந்தார். கிட்டப் போனபோது, "கடைசியில கொஞ்சம் தளர்ந்திட்ட" என்றார். கண் கலங்கியிருந்தது. திரும்பி வரும் வழியில் மூன்று பேரும் ஒரு கடையில் பாணும் பருப்பும் சாப்பிட்டோம். அவருடைய பருப்பில் பாதி என் தட்டுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். கிழமைக்கு இரண்டு நாள்தான் ஓடுகிறேன். வேகம் வருடா வருடம் குறைகிறது. அது எனக்குத் தெரியும். என் வயதுத் தோழிகள் பலர் கதிரையில் இருந்துதான் தொழுகிறார்கள். நான் நிலத்தில் நெற்றி வைத்து, கை ஊன்றாமல் எழும்புகிறேன். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும், இந்த முழங்காலைத் தந்ததற்கும், அதைத் திரும்பக் கட்டித் தந்த இருவரைத் தந்ததற்கும் சேர்த்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொள்கிறேன்.