படம் உடையக் காத்திருக்கிறோம்

காலையிலிருந்து எங்கள் தென்காசி வீட்டு டிவியில் படம் அடிக்கடி சதுரம் சதுரமாக உடைந்தது. குற்றாலச் சாரலில் நனைந்து கேபிளுக்கு ஜன்னி கண்டுவிட்டது என்று நானே தீர்ப்பளித்து, இமயமலை ஏறுகிறவனைப் போல மொட்டைமாடி ஏறினேன்.

வயரைத் துடைத்து, டேப் சுற்றி, வெற்றிவீரனாக இறங்கி வந்தால் மறுபடியும் உடைகிறது!

அடுத்த நொடியே, செட்டாப் பாக்ஸ் மேலிருந்த மனைவியின் செல்போன் அடித்தது. நலம் விசாரிக்க இலத்தூர் மதினி.

"ஏட்டி, கால் வரும்போதெல்லாம் படத்த உடைக்கிற களவாணி இந்தப் போன்தான்! அடுப்படிக்குக் கொண்டு போ."

"தொட்டீங்கன்னா பாருங்க. இங்கன வச்சாத்தான் டவர் கிடைக்குது. பிள்ள கூப்பிட்டா என்ன செய்ய?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். மகன் ராணுவத்தில் இருக்கிறான். அவன் இருக்கும் பக்கம் பனிச்சரிவு என்று நேற்று செய்தியில் சொன்னார்கள். அப்போதிருந்து அவனிடமிருந்து அழைப்பே இல்லை.

இப்போது படம் பளிங்கு மாதிரி ஓடுகிறது. டிவி கெட்டுப்போக வேண்டும் என்று தவம் கிடக்கும் தம்பதி அண்டசராசரத்தில் நாங்கள் மட்டுமே.

"உடையுதான்னு பாத்துக்கிட்டே இருங்க, உலைய இறக்கிட்டு வாரேன்" என்று போயிருக்கிறாள்.

சொந்தங்களே, ஆறுதலைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். போனில் மட்டும் வேண்டாம். படம் உடைகிற ஒவ்வொரு தடவையும் அவள் கரண்டியோடு ஓடி வருகிறாள்.